இரண்டு டெர்பிகளை வென்ற பயிற்சியாளர்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் காளை வளர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பந்தயத்தில் மாடு ஜெயித்தால் வண்டி ஓட்டியவர் கழுத்தில் மாலை விழும். தீனி போட்டுப் பழக்கியவர் கூட்டத்தில் ஓர் ஓரமாக நிற்பார்.

குதிரைப் பந்தயத்திலும் அப்படித்தான். குதிரையின் சொந்தக்காரரை ஊர் அறியும். ஏறி ஓட்டும் ஜாக்கியையும் அறியும். பழக்கியவரை அறிந்தவர் சிலரே. அப்படிப் பழக்கியவர்தான் மார்க்கஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேயர்.

அவர் 1904ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை ரிச்சர்டு மார்ஷ், மன்னர் ஏழாம் எட்வர்டின் குதிரைகளைப் பழக்கிப் புகழ் பெற்றவர். மகனும் அதே தொழிலுக்கு வந்தார்.

மன்னரின் குதிரை

லண்டனை அடுத்த எப்சம் என்னும் ஊரில் ஆண்டுதோறும் டெர்பி பந்தயம் நடக்கிறது. தூரம் ஒன்றரை மைல். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஆகவே ஒரு குதிரைக்கு ஆயுளில் ஒரே ஒரு வாய்ப்புத்தான்.

குஜராத்தில் உள்ள ராஜ்பிப்ளா சமஸ்தானத்தின் மன்னர் விஜயசிங்ஜி, 1,365 பவுண்டுக்கு ஒரு குட்டி வாங்கியிருந்தார். அதன் பெயர் விண்ட்சர் லாட். அதைப் பழக்கும் பொறுப்பு மார்ஷிடம் வந்தது.

1934ஆம் ஆண்டு டெர்பியில் எல்லோரும் நம்பிப் பணம் கட்டிய குதிரைக்குப் பெயர் கொழும்பு. அதுவரை தோல்வியே காணாத குதிரை அது. விண்ட்சர் லாட் மீது ஏறியவர் சார்லி ஸ்மர்க். ஐந்து ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டு, முந்திய ஆண்டுதான் மைதானத்துக்குத் திரும்பியவர். அன்று விண்ட்சர் லாட் முதலில் வந்தது. கொழும்புக்கு மூன்றாம் இடமே கிடைத்தது. அந்த வெற்றிக்குப் பின் விண்ட்சர் லாட் 50,000 பவுண்டுக்கு விலை போயிற்று!

சிறைவாசம்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. மார்ஷ் விமானப் படையில் சேர்ந்தார். ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். போர் முடிந்து 1945ல் திரும்பியபோது, தொழிலை மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அவர் மனம் தளரவில்லை.

சில ஆண்டுகளில், கராச்சியில் பிறந்த ஆகாகான் தம் குதிரைகளை அவரிடம் ஒப்படைத்தார். அவற்றில் ஒன்று துல்யார். 1952ஆம் ஆண்டு அது ஓடிய ஏழு பந்தயங்களிலும் வென்றது. டெர்பியும் அவற்றில் ஒன்று. அன்றும் ஜாக்கி அதே ஸ்மர்க்தான். அந்த ஆண்டு இங்கிலாந்தின் முதல் பயிற்சியாளர் என்ற பெருமை மார்ஷுக்குக் கிடைத்தது.

ஆனால் அதன்பின் ஆகாகானின் குதிரைகள் பிரான்சுக்குப் போய்விட்டன. பழக்கியவர் கையில் குதிரை நிலைப்பதில்லை. மார்ஷ் எஞ்சிய குதிரைகளோடு மேலும் பல ஆண்டுகள் உழைத்தார். 1964ல் ஓய்வு பெற்றார். 1983ல் காலமானார்.

குதிரை பிறருடையது. பணமும் கோப்பையும் பிறருக்கே. சிறையிலிருந்து வந்த பிறகும் அவரிடம் மிஞ்சியிருந்தது கற்ற தொழில் ஒன்றுதான். அதுவே அவரை மீண்டும் உயர்த்தியது.