திரு. வி. க.வும் ஆலைத் தொழிலாளரும்

சென்னையின் வடபகுதி உழைப்பால் வளர்ந்த பகுதியாகும். இராயபுரத்தில் 1856ஆம் ஆண்டிலேயே புகைவண்டி நிலையம் திறக்கப்பெற்றது. பின்னர்த் துறைமுகம் எழுந்தது. கல்மண்டபத்தைச் சூழ்ந்த தெருக்களிலும், அதற்கு மேற்கே பெரம்பூர், புளியந்தோப்பு முதலிய இடங்களிலும் உழைப்பாளர் பெருகினர். பெரம்பூரில் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் நெய்தும் நூற்றும் பிழைத்தனர்.

அவர்கள் விடியற்காலையில் ஆலைக்குள் புகுந்தால் மாலையில்தான் வெளியே வருவர். நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே உண்டு. கைகழுவி, உண்டு, மீண்டும் பொறியின்முன் நிற்பதற்கு அது போதவில்லை. மேலாளர் சிலர் ஏசினர். சிலர் கைந்நீட்டவும் தயங்கவில்லை. இவற்றினும் கொடியது ஒன்று இருந்தது. இவையெல்லாம் தம் தலைவிதி என்று தொழிலாளரே நம்பியிருந்தனர். ஒருவனுக்கு நேர்ந்த இன்னலை அடுத்த பொறியில் நின்றவன் தனதாகக் கருதவில்லை. பூட்டு ஆலையின் வாயிலில் மட்டும் இல்லை, உள்ளத்திலும் இருந்தது.

அப்பூட்டைத் திறக்க முயன்றவருள் முதன்மையானவர் திரு. வி. கலியாணசுந்தரனார். அவர் 1883 ஆகஸ்டு 26இல், சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். வெஸ்லி பள்ளியில் பயின்றார், சின்னாள் கணக்கராக இருந்தார், பின்பு தமிழாசிரியரானார். சைவ நூல்களில் தோய்ந்த புலவர் அவர். 1917இல் ஆசிரியப் பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர் ஆனார். ஆலைப் பொறியின்முன் ஒருநாளும் நின்றறியாத புலவர் ஒருவர் தொழிலாளரின் தோழரானது எவ்வாறு?

பெரம்பூரில் செல்வபதிச் செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் நண்பர் இருவர் இருந்தனர். தம்மிடம் வந்துபோன தொழிலாளரின் துயரை நாள்தோறும் கேட்டு வருந்தியவர் அவர்கள். அங்குச் சமயச் சொற்பொழிவு நிகழ்ந்த சபையொன்றில் தொழிலாளர் திரள்வது வழக்கம். அச்சூழலில் 1918 மார்ச்சுத் திங்களில் திரு. வி. க. அவர்களிடையே தொழிலாளர் நிலைபற்றிப் பேசினார். சங்கம் என்ற சொல்லைக் கேட்டே அஞ்சியிருக்கக்கூடிய மக்கள், அடியார் வரலாறு கூறவல்ல நாவினின்று அதனைக் கேட்டமையால் அஞ்சாது கேட்டனர். உழைப்பு இழிவன்று என்பதை அவர் அவர்களுக்குப் பழகிய மொழியிலேயே உணர்த்தினார்.

1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என அதனைப் போற்றுவர். பார்சி வகுப்பினரான பி. பி. வாடியா அதன் தலைவர். அவர் ஆங்கிலத்தில் பேசுவார். அதனைத் தமிழாக்கி மக்கள் நெஞ்சில் பதியச் செய்தவர் திரு. வி. க. உணவு நேரத்தைச் சிறிது நீட்டித் தருக என்பது சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று. கோரிக்கை சிறியதே. ஆயினும் வாய் திறந்து கேட்டனர் என்பது பெரிது.

நிறுவனத்தார் 1920இல் வாடியாமீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். முடிவில் அவர் சங்கத்தினின்று விலக நேர்ந்தது. தொழிற்சங்கத்திற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமையை அவ்வழக்கு நாடறியச் செய்தது; 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பெற்றது.

1921ஆம் ஆண்டே திரு. வி. க.வுக்குக் கடுஞ்சோதனையாயிற்று. கதவடைப்பும் வேலைநிறுத்தமும் திங்கள் கணக்கில் நீண்டன. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பலர் ஆலைக்குத் திரும்பினர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. ஆனால், நெடுங்காலம் தம்மை ஒதுக்கி வைத்தவர் திடீரெனத் தோழமை பேசினால் அதனை எங்ஙனம் நம்புவர்? மேலும், கூலியின்றிக் காத்திருக்க அவர்களிடம் யாதும் இல்லை. பூசல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் மாண்டன. முதலாளியிடம் கொண்ட அச்சத்தை நீக்கிய சங்கத்தால், சாதி உணர்ச்சியை நீக்க இயலவில்லை.

திரு. வி. க. அமைதியையே வற்புறுத்தி வந்தார். எனினும் ஆளுநர் வில்லிங்டன் பிரபு அவரை அழைத்து, நாடு கடத்த நேரிடும் என எச்சரித்தார். அரசியலில் அவருக்கு எதிர்முகாமில் இருந்த நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரே அதனைத் தடுக்க முன்வந்தார் என்பது குறிக்கத்தக்கது. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. பலர் வேலை இழந்தனர்.

தோற்ற தலைவர் ஒதுங்கிக்கொள்வது உலக இயல்பு. திரு. வி. க. ஒதுங்கவில்லை. 1920இல் தாம் தொடங்கிய ‘நவசக்தி’ வார இதழில் தொழிலாளர்க்காகத் தொடர்ந்து எழுதினார். மனைவியும் மக்கள் இருவரும் முன்னரே மறைந்துவிட்டனர். எளிய வாழ்வே வாழ்ந்தார். செல்வம் சேர்க்கவில்லை.

1947இல் அதே ஆலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. அப்போது மாகாணத்தை ஆண்டது, அவர் இளமையில் உழைத்த காங்கிரசுக் கட்சியே. அவ்வரசு 63 வயது முதியவரான அவரை வீட்டுக் காவலில் வைத்தது. அயலார் ஆட்சியில் தொழிலாளர் பக்கம் நின்றவர், தம்மவர் ஆட்சியிலும் அதே பக்கத்தில் நின்றார். பின்னர் அவர்தம் கண்ணொளி குன்றியது. அந்நிலையிலும் பிறரைக்கொண்டு எழுதுவித்து நூல்கள் இயற்றினார். 1953 செப்டம்பர் 17இல் மறைந்தார்.