கதவைத் திறந்து வைத்த திருத்தந்தை

இத்தாலி நாட்டின் வடபகுதியில், பெர்கமோ நகருக்கு அருகே சோத்தோ இல் மோந்தே என்றொரு சிற்றூர் உண்டு. பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுது பிழைத்த ஏழைக் குடும்பம் ஒன்றில், 1881ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ஆஞ்செலோ ரொங்கால்லி பிறந்தார். இவரே பின்னாளில் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் என உலகம் போற்றிய உத்தமர்.

அது பெரிய கூட்டுக் குடும்பம், வருவாயோ சிறிது. ஆயினும் பசித்தவர் எவரேனும் வாசலில் வந்து நின்றால், அன்னை அவரையும் உள்ளே அழைத்துப் பிள்ளைகளோடு அமர்த்தி உணவளிப்பார். அந்தத் திறந்த வாசலே சிறுவனுக்கு முதல் மறைக்கல்வி ஆயிற்று.

1904இல் குருப்பட்டம் பெற்ற அவர், 1925இல் ஆயராகிப் பல்கேரியாவுக்குத் திருத்தந்தையின் தூதராகச் சென்றார். அங்கே கத்தோலிக்கர் மிகச் சிலர். பெரும்பான்மையோர் ஆர்த்தடாக்ஸ் சபையினர். இரு சபையினரும் 1054ஆம் ஆண்டின் பிளவுக்குப் பின் பல நூற்றாண்டுகளாக ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கி வந்தனர். புதிய ஆயரையும் பலர் அவ்வாறே நோக்கினர். அவர் வாதாடவில்லை, காத்திருந்தார்.

1928இல் அந்நாட்டைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. வீடிழந்த மக்களிடையே ஆயர் விரைந்து சென்றார். உரோமையிலிருந்து உதவி பெற்று, பசித்தோர்க்கு உணவு வழங்க ஏற்பாடு செய்தார். நீ எச்சபையைச் சார்ந்தவன் என்று எவரையும் கேட்கவில்லை. வாதத்தால் இளகாத உள்ளங்கள் இந்த அன்பினால் இளகின. 1934இன் இறுதியில் விடைபெற்றபோது, பல்கேரியர் எவர் வந்து தட்டினாலும், அவர் எச்சபையினராயினும், தம் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று வாக்களித்தார்.

துருக்கி, கிரீஸ், பிரான்சு, வெனிஸ் எனப் பல இடங்களில் பணியாற்றியபின், 1958 அக்டோபர் 28ஆம் நாள் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 76. முதியவர்தானே, புதிதாக என்ன செய்துவிடப் போகிறார் என எண்ணியோர் பலர். மூன்று மாதங்கள்கூட நிறையவில்லை. கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான மன்றாட்டு நாள்களின் நிறைவான 1959 சனவரி 25 அன்று, பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்து உலகையே வியக்க வைத்தார்.

1960இல் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கென ஒரு செயலகத்தை நிறுவி, கர்தினால் பேயாவிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் காண்டர்பரிப் பேராயர் பிஷரை வத்திக்கானில் அன்புடன் வரவேற்றார். 1962 அக்டோபர் 11 அன்று தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிற சபைகளின் பார்வையாளர்களையும் அழைத்தார். அவர்களைச் சந்தித்தபோது அரியணையில் அமராமல், அவர்களைப் போலவே நாற்காலியில் அமர்ந்து உரையாடினார்.

அவ்வேளையில் புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. மரணப் படுக்கையிலும் அனைவரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற ஆண்டவரின் மன்றாட்டே அவர் நாவில் இருந்தது. 1963 சூன் 3ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 2014 ஏப்ரல் 27 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்பு மாணவியரே! சபைகளுக்கிடையே எழுந்த சுவர் இன்னும் முழுவதும் இடிந்துவிடவில்லை. அதை இடிக்கும் பணி அறிஞர்க்கும் ஆயர்க்கும் மட்டும் உரியதன்று. வேறு ஆலயத்திற்குச் செல்லும் தோழியோடு உணவைப் பகிர்வதும், அவள் செபத்தை எள்ளாதிருப்பதும், அவளுக்காக மன்றாடுவதும் நம்மால் இயலாதவையா? உழவர் வீட்டுத் தாய் திறந்து வைத்த கதவு, வத்திக்கானின் கதவையும் திறந்தது. நம் உள்ளக் கதவையும் திறப்போம்!