இசை மேதை பீத்தோவன்

உடலில் நேர்ந்த குறையை ஊரார் எளிதில் அறிவர். அக்குறையால் உள்ளத்தில் உண்டாகும் புண்ணை உற்றாரும் எளிதில் அறியார். ஆதலின், உடற்குறையோடு வாழ்பவர் உடலைப் பேணுவது போலவே உள்ளத்தையும் பேணுதல் வேண்டும். இவ்வுண்மையை மேலைநாட்டு இசை மேதையாகிய லூட்விக் வான் பீத்தோவனது வாழ்க்கை நன்கு விளக்குகின்றது.

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள பான் நகரில் 1770-ஆம் ஆண்டில் பீத்தோவன் பிறந்தார். அவர் தந்தையார் அரசவைப் பாடகர். ஆயினும் குடிப்பழக்கத்திற்கு அடிமைப்பட்டவர். அவர் தம் மைந்தனை இளமையிலேயே மேடையேற்ற விரும்பிக் கடுமையாகப் பயிற்றினார். 1787-ஆம் ஆண்டில் அன்னையார் காலமானார். தம்பியர் இருவரையும் பாதுகாக்கும் பொறுப்பு அவ்விளைஞர்மேல் விழுந்தது. 1792-ஆம் ஆண்டில் பீத்தோவன் வியன்னா நகரை அடைந்து, புகழ்பெற்ற இசைப்புலவராகிய ஹைடனிடம் பயின்றார். அவர் பியானோ வாசிக்கும் திறத்தைக் கேட்டுச் செல்வரும் பிரபுக்களும் வியந்தனர்.

புகழ் வளர்ந்து வந்த அக்காலத்திலேயே துயரமும் தொடங்கிற்று. முப்பது வயது நிரம்புமுன் அவரது செவிப்புலன் குன்றலாயிற்று. காதில் இரவும் பகலும் ஓயாத இரைச்சல் எழுந்தது. நாடக அரங்கில் நடிகர் பேசுவதை அறிவதற்கு அவர் மேடையை ஒட்டி அமர வேண்டியிருந்தது. இசைக்கருவிகளின் உயர்ந்த ஒலிகள் சற்றுத் தொலைவிலிருந்து அவருக்குக் கேட்கவில்லை.

பிறருக்குச் செவி மங்கினால் அது ஒரு துன்பம். இசைவாணருக்கோ அது மானக்கேடாகவும் தோன்றிற்று. தம் குறையை அறிந்தால் பகைவர் இகழ்வர் என்று பீத்தோவன் அஞ்சினார். இரண்டு ஆண்டுகள் விருந்துகளையும் கூட்டங்களையும் தவிர்த்தார். காரணம் அறியாதவர்கள் அவரைச் செருக்குடையவர் என்றும், மனிதரை வெறுப்பவர் என்றும் கருதினர். செவிட்டுத்தன்மை அவரை உலகினின்று சிறிது பிரித்தது; அதனை மறைக்கும் முயற்சி அவரை முற்றிலும் தனிமையில் தள்ளியது.

1801-ஆம் ஆண்டில் அவர் முதன்முதலாகத் தம் துயரை நம்பிக்கைக்குரிய நண்பர் இருவருக்குக் கடித வாயிலாக வெளியிட்டார். அவருள் ஒருவர் வெகலர் என்னும் மருத்துவர். மற்றவர் அமெண்டா என்னும் வயலின் கலைஞர். இச்செய்தியைப் பிறர் அறியாமல் காக்குமாறும் அவர்களை வேண்டினார்.

அடுத்த ஆண்டு, மருத்துவரின் அறிவுரைப்படி, அவர் வியன்னாவை அடுத்த ஹைலிகன்ஸ்டாட் என்னும் சிற்றூரில் தங்கினார். உடன் இருந்தவர்க்குத் தொலைவில் எழுந்த குழலோசை கேட்டது. ஆயன் பாடிய பாட்டும் கேட்டது. பீத்தோவனுக்கோ ஒன்றும் கேட்கவில்லை. அவர் உள்ளம் உடைந்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் தம் உடன்பிறந்தாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வாழ்வையே வெறுக்கும் நிலைக்குத் தாம் வந்ததையும், தம்முள் நிறைந்துள்ள இசையை வெளிப்படுத்தாமல் உலகை விட்டு நீங்குதல் தகாது என்னும் எண்ணம் தம்மைத் தடுத்ததையும் அதில் ஒளியாமல் எழுதினார். அக்கடிதத்தை அவர் அனுப்பவில்லை. 1827-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது.

உள்ளத்தில் தேங்கிய வேதனையை எழுத்தில் கொட்டிய பின், பீத்தோவன் மீண்டும் தொழிலில் முனைந்தார். நாள்தோறும் காலையில் இசை இயற்றுவதும், பின்னர் நெடுந்தொலைவு நடப்பதும் அவர் வழக்கம். சட்டைப்பையில் குறிப்பேட்டுடன் வயல்வெளிகளிலும் சோலைகளிலும் உலவுவார். தோன்றிய இசையை அங்கேயே குறித்துக்கொள்வார். 1806-ஆம் ஆண்டில் தாம் இயற்றிக்கொண்டிருந்த இசைத்தாள் ஒன்றின் ஓரத்தில், இனித் தம் செவிட்டுத்தன்மை மறைபொருளாக இருத்தல் வேண்டா எனத் தமக்குத் தாமே எழுதிக்கொண்டார். மறைத்தற்குச் செலவிட்ட ஆற்றல் இனி இசைக்குப் பயன்படலாயிற்று.

குறை நீங்கவில்லை, நாளுக்கு நாள் மிகுந்தது. உலோகத்தாலாகிய செவிக்குழல்களை அவர் பயன்படுத்தினார். அவையும் பயன்படாதபோது, 1818-ஆம் ஆண்டு முதல் உரையாடல் ஏடுகளை உடன்கொண்டு சென்றார். வந்தவர் தாம் சொல்ல விரும்புவதை ஏட்டில் எழுதுவர். பீத்தோவன் வாயால் விடையளிப்பார். அத்தகைய ஏடுகள் நூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. எழுதிக் காட்டுமாறு பிறரைக் கேட்பதில் இழிவில்லை என்பதை அவர் உணர்ந்தமைக்கு அவை சான்றாகும். ஆயினும் அவர் முனிவரைப் போல் அமைதியடைந்துவிடவில்லை. கடுஞ்சினம் கொண்டார், நண்பரோடு பிணங்கினார், பின் வருந்தி மன்னிப்பும் வேண்டினார். சில நாள் தளர்வதும் மீண்டும் எழுவதும் மனித இயல்பே அன்றோ!

1824-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் அவரது ஒன்பதாம் சிம்பொனி வியன்னா அரங்கில் முதன்முதலாக இசைக்கப்பட்டது. தாம் இயற்றிய அவ்விசையின் ஒலியைக் கேட்க இயலாத பீத்தோவன், இசைக்குழுவை நோக்கி நின்றார். மக்கள் எழுப்பிய ஆரவாரம் அவர் செவியை எட்டவில்லை. பாடகியருள் ஒருவராகிய கரோலின் உங்கர் அவரை அவையை நோக்கித் திருப்பினார். கைக்குட்டைகளை வீசி மக்கள் மகிழ்வதை அவர் கண்ணாரக் கண்டார். ஒரு காலத்தில் எந்தக் கூட்டத்திற்கு அஞ்சி ஒதுங்கினாரோ, அந்தக் கூட்டம் அவர் குறையை அறிந்தே அவரைப் போற்றியது.

இக்காலத்தில் செவிக்கருவிகளும் சைகைமொழியும் உள்ளன. உள்ளம் நலிந்தார்க்கு மருத்துவம் செய்வாரும் உளர். எனவே, உடற்குறையால் உள்ளம் சோர்ந்தவர் அத்துயரைத் தமக்குள்ளே புதைத்தல் ஆகாது. பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, நண்பரிடமோ, மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். அச்சொல்லை இகழாது கேட்பது மற்றவர் கடமையாகும்.