சிவப்புத் தங்கம்

மைக்கேல் ஃபாரடே என்றதும் நம் நினைவுக்கு வருவது காந்தமும் கம்பிச்சுருளும்தான். அவர் தங்கத்தோடு பட்ட பாட்டை நம்மில் பலர் அறியோம்.

1791-இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில், அதாவது நம்மைவிட ஒரு வயது இளையவராக, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகினார். கட்ட வந்த நூல்களையே படித்து அறிஞரானார்!

1856-இல் அவருக்கு வயது 64. ஞாபகமறதி அவரை மிகவும் வாட்டியது. செய்ததையெல்லாம் எண்ணிட்டுக் குறித்து வைத்தபடியே ஆராய்ந்தார். தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸ் சேர்த்தபோது திரவம் மாணிக்கச் சிவப்பாயிற்று. சாயமோ என்று நாம் நினைப்போம். ஆனால் ஒளிக்கற்றையைப் பாய்ச்சியதும் அதன் பாதை உள்ளே துலங்கியது. வெறும் உப்புக் கரைசலில் அப்படித் தெரியாது. ஆகவே திரவத்தில் மிதப்பவை தங்கத்தின் நுண்துகள்களே என்று தெளிந்தார். எந்த நுண்ணோக்கியிலும் அவற்றைக் காண முடியவில்லை. காணாததை நம்பி, 1857-இல் ராயல் சொசைட்டியில் துணிந்து விளக்கினார்.

1867-இல் அவர் மறைந்தார். மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்த அளவால் அளக்கப்படும் துகள்களை 20-ஆம் நூற்றாண்டின் எலக்ட்ரான் நுண்ணோக்கியே காட்டியது. கொரோனாவை வீட்டில் சோதித்த அட்டைகள் பலவற்றில் தோன்றிய சிவப்புக் கோடும் இத்தகைய தங்கத்துகள்தான்.

அவர் செய்த சிவப்புத் திரவக் குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் இருக்கின்றன. நிறம் மங்கவில்லை.