அயர்லாந்தில் இருப்புப்பாதை அமைத்த வில்லியம் டார்கன்

வானளாவிய மாளிகைகளையும் நீண்ட பாலங்களையும் காணுந்தோறும், அவற்றைக் கட்டுவித்த அரசர் யாவர், அவற்றுக்குத் திட்டம் வகுத்த அறிஞர் யாவர் என்று நாம் வினவுகின்றோம். ஆயின், கல்லும் மண்ணும் சேர்த்து, ஆயிரக்கணக்கான ஆட்களைத் திரட்டி, குறித்த நாளில் குறித்த தொகைக்குள் அவ்வேலையை முடித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரரின் பெயரைக் கேட்பவர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவராயிருந்தும், தம் நாட்டாரால் உயிரோடிருக்கும்போதே சிலை நாட்டிப் போற்றப்பெற்றவர் வில்லியம் டார்கன் என்பார். அவருடைய வாழ்வின் ஏற்றமும் இறக்கமும் மாணாக்கராகிய நாம் ஊன்றி நோக்கற்பாலன.

டார்கன் 1799-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் தேதி, அயர்லாந்தின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள கார்லோ ஜில்லாவிலே பிறந்தார். அவர் தந்தையார் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுத குடியானவர். குடும்பத்தில் செல்வமுமில்லை, செல்வாக்குடைய உறவினருமில்லை. எனினும் கணக்கில் கூர்மையான அறிவு வாய்க்கப்பெற்ற அவ்விளைஞர், கார்லோ நகரில் நில அளவை செய்வார் ஒருவரிடம் தொழில் பயிலப் புகுந்தார். சங்கிலி பிடித்து நிலமளந்த அப்பயிற்சியே அவருடைய பிற்கால உயர்வுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

1801-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் தனிப் பார்லிமெண்டு ஒழிந்து, அந்நாட்டுப் பிரதிநிதிகள் லண்டனுக்குப் போய்வர வேண்டிய நிலைமை உண்டாயிற்று. அவர்கள் டப்ளினை அடுத்த துறைமுகத்தில் கப்பலேறி, வேல்ஸ் கரையிலுள்ள ஹோலிஹெட்டில் இறங்கி, அங்கிருந்து கரடுமுரடான பாதை வழியே செல்லுதல் பெருந்துன்பமாயிருந்தது. ஆகவே லண்டனுக்கும் ஹோலிஹெட்டுக்கும் இடையே சிறந்த சாலையொன்று அமைக்கும் பொறுப்பு, அக்காலத்துப் பெரும் பொறியியலறிஞரான தாமஸ் டெல்போர்டிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர்கீழ் வேலை செய்யும் பேறு டார்கனுக்குக் கிட்டிற்று. வேலையின் நுணுக்கத்தையும் ஆட்களை நடத்தும் முறையையும் அவர் அங்கே கற்றார். பின்னர் அயர்லாந்துக்குத் திரும்பி, அதே தபால் வழியின் மறுபகுதியாகிய ஹௌத் துறைமுகத்திற்கும் டப்ளினுக்கும் இடைப்பட்ட சாலையின் வேலையில் ஈடுபட்டுப் பெயர் பெற்றார். அதன்பின் சாலைகள், கால்வாய்கள் எனச் சிறு ஒப்பந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1828-ஆம் ஆண்டில் ஜேன் ஆர்க்கின்ஸ்டால் என்னும் ஆங்கில மாதை அவர் மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

இதற்குள் இங்கிலாந்தில் புகைவண்டி ஓடத் தொடங்கிவிட்டது. அயர்லாந்தின் முதல் இருப்புப்பாதையை டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுன் துறைமுகத்திற்கு, ஏறக்குறைய 6 மைல் தொலைவுக்கு, அமைக்க ஒரு கம்பெனியார் முன்வந்தனர். சார்லஸ் விக்னோல்ஸ் அதன் பொறியியலாளர், டார்கன் ஒப்பந்தக்காரர். 1833-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை பல இடையூறுகளுக்கு உள்ளாயிற்று. வழியின் ஒரு பகுதி கடலோரத்தில் அணைகரை எழுப்பி அதன்மேல் செல்ல வேண்டியிருந்தது. கரையோரத்தில் மாளிகை வைத்திருந்த பிரபுக்களோ, தங்கள் கடற்காட்சி கெடுமென்று வழக்காடினர். அவர்களுள் ஒருவருக்கு நீராடுமிடமும் பாலமும் அழகுறக் கட்டிக்கொடுத்தே இணங்கச் செய்தனர். இவ்வளவும் கடந்து 1834-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17-ஆம் தேதி வண்டி பொதுமக்களுக்காக ஓடலாயிற்று. தண்டவாளங்களைக் கருங்கல்லின்மேல் பதித்தால் என்றும் நிலைக்குமென்று அப்போது எண்ணியிருந்தனர். கல்லோ சிறிதும் நெகிழாமையால் வண்டிகள் அதிர்ந்து சேதமுற்றன. சில ஆண்டுகளுக்குள் கல்லைப் பெயர்த்து மரக்கட்டைகளை இட நேர்ந்தது. வன்மை ஒன்றே உறுதியாகாது, வளைந்து கொடுத்தலும் வேண்டுமென்பதை அயர்லாந்தின் இருப்புப்பாதையார் இவ்வாறு பொருள் செலவிட்டுக் கற்றனர்.

இவ்வேலைக்குப்பின் டார்கனின் புகழ் நாடெங்கும் பரவிற்று. வடக்கே அல்ஸ்டர் கால்வாயை வெட்டியவர் அவர். பெல்பாஸ்ட் நகரிலிருந்து புறப்பட்ட அல்ஸ்டர் இருப்புப்பாதையிலும் அவர் கை இருந்தது. பெல்பாஸ்ட் துறைமுகத்திற்குச் செல்லும் ஆற்றுவழியோ வளைந்தும் ஆழமின்றியும் கிடந்தது. பெருங்கப்பல்கள் அலைநீர் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வளைவை அறுத்து நேரான ஆழமுள்ள வாய்க்காலைத் தோண்டும் ஒப்பந்தத்தை டார்கன் ஏற்றார். 1841-ஆம் ஆண்டளவில் முதற்பகுதி முடிந்தது. தோண்டியெடுத்த சேற்றை ஓரத்தில் குவித்ததனால் 17 ஏக்கர் பரப்புள்ள ஒரு தீவு தோன்ற, மக்கள் அதனை டார்கன் தீவென்றே அழைத்தனர். 1849-ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் வருகை புரிந்தபின் அதற்கு அரசித் தீவு எனப் பெயர் மாறிற்று. பின்னாளில் அவ்விடத்தில் கப்பல் கட்டும் தொழில் செழித்தது. 1912-ஆம் ஆண்டில் கடலில் மூழ்கிய டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் உருவானதும் அவ்வரசித் தீவிலேதான். வேண்டாமென்று கொட்டிய சேறு ஒரு நகரத்தின் செல்வத்துக்கு அடிநிலமாயிற்றென்பது வியப்பன்றோ!

1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தைக் கொடிய பஞ்சம் பற்றியது. ஏழைகளின் ஒரே உணவாயிருந்த உருளைக்கிழங்கு நோயுற்று அழுகிற்று. ஏறக்குறைய 10 லட்சம் மக்கள் மாண்டனர். அத்துணைப் பேர் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறினர். சர்க்கார் தொடங்கிய நிவாரண வேலைகளிலோ கூலி குறைவு. அதுவும் பலவிடங்களில் காலந்தாழ்த்தே கிடைத்தது. அந்நாட்களிலேதான் டப்ளினிலிருந்து தெற்கே கார்க் நகரம் வரை செல்லும் பெரிய இருப்புப்பாதை அமைந்து வந்தது. அதன் பெரும்பகுதியை டார்கன் ஒப்பந்தம் எடுத்திருந்தார். பிறரினும் மிகுந்த கூலி கொடுப்பவர், அதனையும் தவறாத நாளில் கொடுப்பவர் என்னும் நற்பெயர் அவருக்கு முன்னரே உண்டு. பஞ்ச காலத்தில் அப்பெயரின் பொருள் யாது? ஒரு மனிதன் மண்வெட்டியும் கையுமாய் ஒரு வாரம் உழைத்தால், அவ்வாரமே அவன் குடும்பத்துக்கு மாவு கிடைக்கும் என்பதேயாம். 1849-ஆம் ஆண்டில் அப்பாதை கார்க் எல்லையை எட்டிற்று.

நியூரி என்னும் ஊருக்கு அருகே 18 வளைவுகளோடு கருங்கல்லால் எழுந்து நிற்கும் கிரேக்மோர் பாலமும் டார்கன் கட்டியதே. ஜான் மக்நீல் வகுத்த திட்டத்தின்படி அமைந்து 1852-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதன்மீது, டப்ளின் பெல்பாஸ்ட் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. 1853-ஆம் ஆண்டுக்குள் அவர் முடித்திருந்த இருப்புப்பாதைகள் 600 மைலுக்கு மேற்பட்டன.

பஞ்சத்தால் நலிந்த தம் நாட்டுக்கு ஊக்கமூட்ட வேண்டுமென்னும் வேட்கை அவர் உள்ளத்தே எழுந்தது. 1851-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியைப்போல டப்ளினிலும் ஒன்று நடத்த அவர் விரும்பினார். முதலில் 20,000 பவுன் தருவதாக ஏற்றுத் தொடங்கிய அவர், செலவு வளர வளரச் சலியாது கொடுத்து, முடிவில் ஏறக்குறைய 1 லட்சம் பவுன் வரை முன்பணமாக அளித்தார். ஜான் பென்சன் வகுத்த கண்ணாடி மண்டபத்தில் 1853-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி தொடங்கிய அப்பொருட்காட்சி, அக்டோபர் இறுதி வரை நடந்தது. இயந்திரங்களோடு ஓவியங்களும் அங்கே வைக்கப்பட்டன. வரவு செலவைச் சரிக்கட்டியபோது, ஏறக்குறைய 20,000 பவுன் டார்கனுக்கு நஷ்டமாயிற்று. அதனை அவர் பொருட்படுத்தவில்லை.

பொருட்காட்சியைக் காண வந்த மகாராணியார், டப்ளினை அடுத்த மௌண்ட் ஆன்வில் என்னும் டார்கனின் இல்லத்துக்கே நேரிற் சென்று அவரைப் பெருமைப்படுத்தினார். பரம்பரைப் பட்டமொன்று அளிப்பதாகவும் அரசியார் தெரிவித்தார். குடியானவரின் மகனோ அதனை வணக்கத்துடன் மறுத்துவிட்டார். பட்டத்தை அவர் ஏற்காவிடினும், நாட்டார் அவரை மறக்கவில்லை. பொருட்காட்சியில் ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்த மக்களின் ஆர்வமும், டார்கனுக்கு நன்றி பாராட்டத் திரட்டிய நிதியும் சேர்ந்து, அயர்லாந்தின் தேசிய ஓவியச் சாலை தோன்றக் காரணமாயின. அது 1864-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, தாமஸ் பாரெல் என்னும் சிற்பி அமைத்த டார்கனின் உருவச்சிலையும் அதன் முற்றத்தில் நாட்டப்பட்டது.

இத்துடன் கதை முடிந்திருப்பின் நன்றாயிருக்கும். ஆயின் உண்மை வரலாறு நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதன்று. தாம் அறிந்த மண் வேலையை விட்டு அவர் வேறு தொழில்களிலும் கை வைத்தார். சாப்பலிஸாட் என்னுமிடத்தில் நூல் ஆலை நடத்திப் பொருளிழந்தார். பிரே என்னும் கடற்கரையூரைச் சிறந்த நீராட்டுத் துறையாக்க முனைந்து, 1859-ஆம் ஆண்டில் துருக்கிய முறையிலான குளிப்பு மண்டபமும் கட்டினார். ஊர் வளர்ந்தது, அவருடைய முதல் வளரவில்லை. 1866-ஆம் ஆண்டில் குதிரையிலிருந்து விழுந்து பலத்த காயமுற்றார். அவ்வாண்டிலேயே லண்டனில் பெயர்பெற்ற பண நிறுவனமொன்று முறிய, எங்கும் கடன் கிடைப்பது அரிதாயிற்று. டார்கனின் பரந்த தொழில்களைத் தாங்கிநின்றது அவர் ஒருவருடைய ஆற்றலே. அவர் நோயுற்றுக் கிடந்தபோது, அவரிடத்தில் நின்று நடத்துவாரின்றிக் கணக்குகள் சிக்குண்டன. பணம் கொடுப்பதை நிறுத்த நேர்ந்தது. கூலியை ஒருநாளும் தாழ்த்தாத மனிதருக்கு அதனினும் பெரிய துன்பம் வேறென்ன? 1867-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் தேதி டப்ளினில் அவர் உயிர் நீத்தார். கிளாஸ்னெவின் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. செல்வத்தில் திளைத்த அவருடைய மனைவியார், 1870-ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு 100 பவுன் அரசாங்க உபகாரச் சம்பளத்தால் வாழவேண்டியதாயிற்று.

மாணவ நண்பர்களே! டார்கனின் வாழ்வை வெற்றி என்போமா, தோல்வி என்போமா? அவர் பெயரால் நடந்த தொழில் அவரோடே மாய்ந்தது. தமக்குப்பின் அதனை ஏந்தி நடத்தும் துணைவரை உருவாக்காமை அவருடைய குறையே. அதனை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் அவர் அமைத்த முதற் பாதையில் இன்று மின்சார வண்டிகள் ஓடுகின்றன. அவர் வாழ்ந்த மாளிகை பெண்கள் கல்வி பயிலும் பாடசாலையாய் விளங்குகின்றது. டப்ளினின் டண்ட்ரம் பகுதியில் 2004-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஈட்டிய பொருள் அவர் கையை விட்டு அகன்றது. இட்ட கல் இன்னும் இருந்த இடத்தில் இருக்கின்றது. எடுத்த வேலையை உண்மையாய் முடித்து, உழைத்தவனுக்கு உரிய கூலியை உரிய நாளில் கொடுத்தவனுடைய பெயர், அவன் கணக்குப் புத்தகம் மூடிய பின்னும் வாழும் என்பதனை நாம் நினைவிற் கொள்வோமாக.