ஒற்றை விரலின் இசை: ஜேம்ஸ் ஜேமர்சன் வாழ்வும் பணியும்

ஆடலரங்கு ஒன்று சிறக்க எவரெவர் வேண்டும் என்பதை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் விரித்துரைக்கக் காண்கிறோம். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் தகுதியும் அங்கே நிரல்படக் கூறப்பெறுகிறது. ஆயினும் அவ்வறுவருள் ஒருவர் பெயரையும் நாம் அறியோம். மாதவியின் பெயரையே அறிவோம். முன்னின்று பாடுவோரும் ஆடுவோரும் பெயர் பெறுவதும், உடன் வாசிப்போர் பெயரின்றி மறைவதும் மிகப் பழைய வழக்கே போலும். அமெரிக்க நாட்டில் இவ்வழக்கிற்கு இரையான பேஸ் கிதார்க் கலைஞர் ஒருவரின் வாழ்வை ஈண்டுக் காண்போம். அவர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

ராக், சோல் முதலிய இசைவகைகளில் பேஸ் கிதார் கட்டடத்தின் கடைக்கால் போன்றது. கிதாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் நான்கு கம்பிகளே அதற்குண்டு. கேட்போர் பாடகரின் குரலில் மனம் தோய்ந்திருப்பர். பேஸ் கிதார் ஒலிப்பதையே உணரார். அது நின்றால்தான் பாட்டில் ஏதோ சரிந்துவிட்டது தெரியும். இக்கருவியை லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொணர்ந்து பரவச் செய்தார். அதற்குமுன் நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸே அவ்விடத்தை வகித்தது.

ஜேமர்சன் 1936 சனவரி 29-ஆம் நாள் தென் கரோலினா மாநிலக் கடலோரத்திலுள்ள எடிஸ்டோ தீவில் பிறந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த மண் அது. மண்ணில் ஒரு குச்சியை நட்டு, அதில் ரப்பர் நாடாவைக் கட்டி மீட்டி, அவ்வதிர்வில் எறும்புகளை ஆடவைக்க முயன்ற சிறுவன் அவர் என்பர். 1954-இல், தாய் பிழைப்புத் தேடிச் சென்றிருந்த டெட்ராய்ட் நகருக்கு அவரும் சென்றார். அங்கு உயர்நிலைப்பள்ளியில் டபுள் பேஸ் கற்றார். விரைவிலேயே நகரத்து ஜாஸ் விடுதிகளில் வாசிக்கலானார்.

டெட்ராய்ட் மோட்டார் வாகனத் தொழிலின் தலைநகரம். மோட்டார் நகரம் என்ற பொருளில் மோட்டவுன் எனப் பெயர் பூண்ட இசைத்தட்டு நிறுவனத்தை பெர்ரி கார்டி என்பார் 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன்பெற்றுத் தொடங்கினார். முன்னர் வாகனத் தொழிற்சாலையில் பணிபுரிந்த கார்டி, பாடல்களையும் அம்முறையிலேயே வரிசையாக உருவாக்கினார். ஒரு சாதாரண வீட்டை வாங்கி, அதிலிருந்த சிற்றறை ஒன்றை ஒலிப்பதிவுக்கூடமாக்கினார். கலைஞர் அதனைப் பாம்புக்குழி என வேடிக்கையாக அழைத்தனர். ஃபங்க் பிரதர்ஸ் எனப்பட்ட அக்குழுவில் எர்ல் வான் டைக் இசைப்பலகை வாசித்தார், பென்னி பெஞ்சமின் முரசு முழக்கினார், பேஸ் ஜேமர்சனுடையது.

முதலில் டபுள் பேஸ் வாசித்த அவர் 1960-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பேஸ் கிதாருக்கு மாறினார். டபுள் பேஸில் பயின்ற கைவழக்கை அவர் விட்டுவிடாமல் புதிய கருவிக்குக் கொண்டுவந்ததே நம் கருத்தில் அவருடைய தலையாய சாதனை. பிறர் இருவிரல்களால் மீட்ட, அவர் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். நண்பர்கள் அவ்விரலைக் கொக்கி என்றனர். 1962-ஆம் ஆண்டுக் கருவியொன்றை அவர் நெடுங்காலம் பயன்படுத்தினார். தடித்த கம்பிகளை அதில் பூட்டியிருந்தார். அவை அறுந்தாலன்றி மாற்றமாட்டார். கம்பியில் சேரும் அழுக்கே தம் ஒலியைக் காக்கிறது என்பது அவர் நம்பிக்கை! பாலத்தின் மூடியடியில் ஒரு துண்டு நுரைப்பஞ்சு. எனவே ஒலி நீண்டு இழுபடாமல், முழவில் விரல் பட்டாற்போல் திரண்டு ஒலித்து அடங்கியது.

அக்காலத்துப் பேஸ் கலைஞர் பெரும்பாலோர் ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மாறிமாறித் தட்டுவதோடு அமைந்தனர். ஜேமர்சன் இடைப்பட்ட சுரங்களையெல்லாம் ஏறியும் இறங்கியும் தொட்டுச் சென்றார். தாள அடி விழும் இடத்தில் மௌனம் காத்து, அதற்கு அரைக்கணம் முன்னோ பின்னோ வாசித்தார். பாடகர் பாடும் மெட்டின் கீழே மற்றொரு மெட்டு தனக்கென ஒரு போக்குடன் ஓடியது. எனினும் ஒருபோதும் பாடகரை மறித்ததில்லை. டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் 1964-இல் பாடிய ‘மை கேர்ள்’ பாடலின் தொடக்கத்தில் அவருடைய எளிய பேஸ் துடிப்பே முதலில் கேட்கும். ராபர்ட் ஒயிட்டின் கிதார் அதன்மேல் படிப்படியாக ஏறும். ஃபோர் டாப்ஸ் குழுவினரின் ‘பெர்னடெட்’, ஸ்டீவி ஒண்டரின் ‘ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர்’ ஆகிய 1967-ஆம் ஆண்டுப் பாடல்களிலோ அதே மனிதர் காட்டாறாகப் பாய்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்குமாறு மாணவரை வேண்டுகிறோம். கடலுக்கப்பால் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இவ்வாசிப்பிலிருந்து கற்றதாகப் பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாடல்களுள் இருபதுக்கும் மேற்பட்டவை ஜேமர்சன் வாசித்தவை.

அவற்றின் உறைகளிலோ அவர் பெயர் இல்லை. பாடகர் பெயர் இருந்தது; பாடலாசிரியர், தயாரிப்பாளர் பெயர்கள் இருந்தன. வாசித்தவர்க்கு ஊதியம் மட்டுமே. அவ்வூதியம் குறைவெனச் சொல்வதற்கில்லை. ஆனால் விற்பனை பல இலட்சம் தட்டுகளாய்ப் பெருகியபோதும் அதில் அவர்க்குப் பங்கு வரவில்லை. பிற நிறுவனங்களுக்கு வாசித்தல் தடைசெய்யப்பட்டிருந்தது. ஆயினும் கலைஞர் மறைவாகச் சென்று வாசித்தே வந்தனர். ஜாக்கி வில்சன் 1967-இல் சிகாகோவில் பதிவுசெய்த ‘ஹையர் அண்ட் ஹையர்’ பாடலிலும் இவர்கள் கைவண்ணம் உண்டு. பெயர் எழுதப்படாமையால் விளைந்த கேடு பிற்காலத்தில்தான் முழுதாகத் தெரிந்தது: சில பாடல்களில் வாசித்தவர் ஜேமர்சனா வேறொருவரா என்ற விவாதமே எழுந்தது.

இதற்கிடையே மது அவரைப் பற்றிக்கொண்டது. மார்வின் கே ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாடலைப் பதிவுசெய்த இரவில் ஜேமர்சனை ஒரு விடுதியில் தேடிப்பிடித்து அழைத்து வந்தனர் என்றும், இருக்கையில் அமர இயலாத நிலையில் அவர் தரையில் மல்லாந்து கிடந்தபடியே வாசித்தார் என்றும் சொல்வர். இதனைச் சிலர் வியந்து போற்றுவதுண்டு. எமக்கு அதில் வியப்பைவிட வருத்தமே மிகுகிறது. அப்பாடல் இடம்பெற்ற 1971-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பின் உறையில் கலைஞர் பெயர்கள் அச்சாயின; ஜேமர்சன் பெயர் புகழ்மொழியுடன் இருந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பிற்குப் பின் கிடைத்த சிறப்பு அது.

மறு ஆண்டே, 1972-இல், மோட்டவுன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. வேலைக்கு வந்த கலைஞர், இன்று ஒலிப்பதிவு இல்லையென ஒட்டப்பட்ட தாளைக் கதவில் கண்டு திரும்பினராம். ஜேமர்சன் 1973-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். அங்கோ எழுதித் தந்ததை அப்படியே வாசிப்பவரையும், புதிய கம்பிகளின் கூரிய ஒலியையும் தயாரிப்பாளர் விரும்பினர். அவர் தம் கம்பிகளையும் மாற்றவில்லை, வாசிப்பையும் மாற்றவில்லை. உடல்நலமும் குன்ற, வாய்ப்புகள் படிப்படியாக நின்றன.

1983 மார்ச் 25-ஆம் நாள், மோட்டவுன் வெள்ளிவிழா நிகழ்ச்சி பாசடீனா நகர அரங்கில் பதிவாயிற்று. மைக்கேல் ஜாக்சன் பின்னோக்கி வழுக்கும் நடையை ஆடிக்காட்டி உலகை வியக்கச்செய்த நிகழ்ச்சி அதுவே. ஜேமர்சனுக்கு அழைப்பில்லை. அவர் தம் காசில் நுழைவுச்சீட்டு வாங்கி, மேல்மாடத்தில் அமர்ந்து பார்த்தார். கீழே மேடையில் ஒலித்தவற்றுள் அவர் விரல்கள் படைத்த மெட்டுகளும் இருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், கல்லீரல் நோயும் அதன் தொடர்பான கோளாறுகளும் முற்றி, 47-ஆம் வயதில் மறைந்தார்.

1989-இல் ஆலன் ஸ்லட்ஸ்கி அவர் வரலாற்றையும் வாசிப்பின் சுரக்குறிப்புகளையும் திரட்டி நூலாக்கினார். அந்நூலின் பெயரையே ஏற்று 2002-இல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம் வந்தது. 2000-இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் உடன் வாசிப்போர்க்கென ஒரு பிரிவைத் தொடங்கி, முதலாண்டிலேயே ஜேமர்சனைச் சேர்த்துக்கொண்டது. 2020-இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட ஐம்பது பேஸ் கலைஞர் பட்டியலில் முதற்பெயர் அவருடையது.

1962-ஆம் ஆண்டின் அந்தக் கருவி மட்டும் திரும்பவில்லை. அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னர் அது திருடுபோயிற்று.