சாகாத வேதாளரும் லீ ஃபால்க்கும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் அய்யனார் வெள்ளைக் குதிரை ஏறி எல்லையைச் சுற்றி வருவார், குறுக்கே போகாதே என்பார்கள். நம்புகிறோமோ இல்லையோ, அந்த நேரத்தில் நாம யாரும் ஏரிக்கரைப் பக்கம் போறதில்லை!

இதே மாதிரி வெள்ளைக் குதிரையில், கூடவே ஓர் ஓநாயோடு, 400 வருஷமாகச் சாகாமல் காட்டைக் காவல் காக்கும் ஒருத்தரை நான் ஹைஸ்கூல் படிக்கும்போதே சந்தித்துவிட்டேன். என் மாமாவின் டிரங்குப் பெட்டியில், அட்டை கிழிந்த காமிக்ஸ் புத்தகங்களுக்குள் இருந்தார் அவர். முத்து காமிக்ஸில் வேதாளர். ராணி காமிக்ஸில் மாயாவி. (இரும்புக்கை மாயாவி வேறு ஆள், குழப்பிக்கொள்ளாதீர்கள்!) இங்கிலீஷில் பேண்டம். முகமூடி, மண்டை ஓட்டு மோதிரம், மண்டை ஓட்டுக் குகை... குத்து வாங்கியவன் தாடையில் அந்த மோதிரத்தின் முத்திரை அழியவே அழியாது!

அவரைப் படைத்தவர் லீ ஃபால்க். அவர் கதை வேதாளர் கதைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

1911 ஏப்ரல் 28-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் லியோன் கிராஸ். லீ ஃபால்க் என்பது பிறகு அவர் வைத்துக்கொண்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே ஒரு மந்திரவாதியை மனசில் உருவாக்கினார். அவர்தான் மாண்ட்ரேக். முதல் சில படக்கதைகளைத் தானே வரைந்தும் பார்த்தார். பிறகு ஃபில் டேவிஸ் என்ற ஓவியர் கைகொடுத்தார். 1934 ஜூன் 11-ல் மாண்ட்ரேக் பத்திரிகைகளில் வர ஆரம்பித்தபோது ஃபால்க்குக்கு வயது 23. நம்மில் பல பேர் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடி அலையும் வயசு!

இங்கேதான் ஒரு வேடிக்கை. மந்திரவாதிக் கதை எழுதுகிறவர் சாதாரண ஆளாக இருந்தால் எடுபடுமா? உலகமெல்லாம் சுற்றியவன், கிழக்கு நாட்டு ஞானிகளிடம் வித்தை கற்றவன் என்று ஒரு பில்டப் கொடுத்தார். உண்மை என்ன தெரியுமா? அதுவரை அவர் போன பெரிய பயணமே, கதையை விற்க நியூயார்க் போய் வந்ததுதான்!

1936 பிப்ரவரி 17-ல் அடுத்த படைப்பாக வேதாளர் வந்தார். சூப்பர்மேன் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே உடம்போடு ஒட்டிய உடையும் முகமூடியும் போட்ட வீரர் இவர். முதலில் இவரை நகரத்துப் பணக்கார இளைஞனாகக் காட்டத்தான் ஃபால்க் நினைத்திருந்தார். முதல் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே மனசை மாற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்.

சரி, வேதாளர் ஏன் சாவதில்லை? மந்திரமா? பேயா? ரெண்டும் இல்லை! கடற்கொள்ளையர் தாக்குதலில் தப்பிக் கரையொதுங்கிய ஒருவன், தன் தகப்பனைக் கொன்றவனின் மண்டை ஓட்டின் மேல் சத்தியம் செய்கிறான். கொள்ளையையும் கொடுமையையும் ஒழிப்பேன், என் பிள்ளைகளும் பேரன்களும் இதையே செய்வார்கள் என்பது அந்தச் சத்தியம். அப்பா இறந்ததும் மகன் அதே உடையைப் போடுகிறான். வெளியே பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே ஆள்! நாம் படித்தது 21-வது வேதாளர். சாகாதது அந்த ஆள் அல்ல, அந்த வேலைதான்.

யோசித்துப் பாருங்கள். வேதாளர் சாகாதவர் என்பதும் பொய், ஃபால்க் உலகம் சுற்றியவர் என்பதும் பொய். நம்ம பசங்க சிலர் கடையில் ரெடிமேடா ப்ராஜெக்ட் வாங்கி, பைண்டிங் போட்டு, வைவாவில் நிற்கிறோமே, அதுவும் பொய்தான். அப்புறம் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் இருக்கு. ஃபால்க் அந்தக் கடனை அடைத்தார். உண்மையாகவே உலகம் சுற்றியவர்கள் எதிரில் வந்து கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று, நிஜமாகவே நாடு நாடாகப் பயணம் போனார். நாடகத்திலும் இறங்கி ஏறக்குறைய 300 நாடகங்களைத் தயாரித்தார். 100 நாடகங்களை இயக்கினார். இத்தனைக்கும் நடுவே படக்கதை எழுதுவதை விடவில்லை.

அவரிடம் குறை இல்லையா? இருந்தது. காட்டு மக்கள் எல்லாம் ஒரு வெள்ளைக்காரனை நம்பி வாழ்வதுபோல் எழுதியது இன்று படிக்கும்போது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் காலம் மாற மாற அவரும் கதையை மாற்றினார். அறுபதுகளில் லமண்டா லுவாகா என்ற கறுப்பின டாக்டரை அந்த நாட்டின் ஜனாதிபதியாக்கினார். வேதாளர் அவருக்கு நண்பரானார். நம் நாட்டிலும் 1964-ல் இந்திரஜால் காமிக்ஸ் வேதாளர் கதைகளோடுதான் தொடங்கியது. அதில் பெங்கல்லா என்ற நாட்டின் பெயரையே டெங்காலி என்று மாற்றிப் போட்டார்கள்.

வேதாளரை முதலில் வரைந்தவர் ரே மூர். பிறகு வில்சன் மெக்காய், 1961 முதல் சை பாரி. ஓவியர்கள் மாறினார்கள், எழுதியவர் மாறவில்லை. கடைசி நாட்களில்கூடப் படுக்கையில் கிடந்தபடி, பிராணவாயு முகமூடியை விலக்கிவிட்டுக் கதை சொல்லி எழுத வைத்தார். 1999 மார்ச் 13-ல், 87-வது வயதில் காலமானார். மாண்ட்ரேக்கை 65 வருஷமும் வேதாளரை 63 வருஷமும் எழுதிய கை அது! படைத்தவர் போன பிறகும் வேறு கைகள் எழுத, வேதாளர் கதை இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நண்பர்களே, இன்டர்வியூவில் எந்த ஊர் என்று கேட்டால் நம்ம ஊர்ப் பெயரை மெதுவாகச் சொல்லுகிறவர்கள் நம்மில் உண்டு. உலகத்தைப் பார்க்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். செயின்ட் லூயிஸ்காரருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. அவர் அளந்ததை நாம் அளக்க வேண்டாம். அளந்த பிறகு அவர் உழைத்தாரே, அதைச் செய்வோம்.

எங்கள் டிராயிங் ஹாலில் என் கையில் இருக்கும் மினி டிராப்டர் ஒரு சீனியர் அண்ணன் கொடுத்தது. அதன் பின்பக்கம் நாலு பேர் பெயர் காம்பஸ் முனையால் கீறியிருக்கிறது. ஐந்தாவது பெயர் என்னுடையது. முதல் வருஷத் தம்பிகளில் யாருக்கு வேண்டும்? பரீட்சை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ கொஞ்சம் லூஸ், நாணயத்தால் முடுக்கினால் போதும்.